முப்பத்தேழால் மீதமின்றி

ஒரே விடைத்தாளை இரண்டு பேர் அனுப்பினார்கள். மூளையைக் கசக்கிப் போட்டவனைக் கூப்பிடவில்லை. அவனைப் பார்த்து எழுதியவனைக் கூப்பிட்டார்கள்.

பார்த்து எழுதியவன் ஹரிநாத். புத்தநேசனோடு நான்கு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பொறியியல் படித்தவன். நல்ல பையன்தான், கணக்கு மட்டும் ஏறாது. ராணிப்பேட்டையில் மருத்துவக் கருவிகள் செய்யும் கம்பெனி ஒன்று, வீட்டிலிருந்தே போட்டு அனுப்பச் சொல்லி இருபது கேள்விகள் கொடுத்திருந்தது. நேசன் இரண்டு நாள் உட்கார்ந்து போட்டான். ஹரிநாத் அவனுக்கு ஆம்பூர் பிரியாணி வாங்கிக் கொடுத்துவிட்டு ஒரு புள்ளி விடாமல் இறக்கிக்கொண்டான். பதினைந்தாவது கேள்வியில் நேசன் செய்திருந்த கூட்டல் பிழையையும் சேர்த்தே இறக்கினான். பத்தாம் நாள் ஹரிநாத்துக்கு நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. நேசனுக்கு 'வருந்துகிறோம்' வந்தது.

அது அவனுக்கு நாற்பத்தோராவது வருத்தம். ஒருவனுக்காக இத்தனை பேர் வருந்தி, அதில் ஒருவர்கூட அவன் முகத்தைப் பார்த்ததில்லை.

ஹரிநாத்தே வீட்டுக்கு வந்து தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னான். அந்தப் பதினைந்தாவது கேள்வியில் என்ன கேட்டிருக்கிறான் என்றே தனக்குத் தெரியாது என்றான். நேசன் விழுந்து விழுந்து சிரித்தான். தப்பையும் சேர்த்துக் காப்பியடித்தவனுக்கு வேலை, தப்பைச் சொந்தமாகச் செய்தவனுக்கு இல்லையா என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தான். சமையலறை வாசலில் நின்றிருந்த அவன் அக்கா யசோதரா சிரிக்கவில்லை.

யசோதராவுக்கு இருபத்தாறு வயது. அந்த வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள், அதுவும் கணக்கில். அம்மா கஸ்தூரி ஷூ கம்பெனியில் மேல்தோல் தைக்கிறாள். அப்பா தோல் பதனிடும் தொட்டிகளுக்கு நடுவே நின்று நின்று நுரையீரல் போய்ச் செத்தவர். பத்து வருடத்துக்கு முன்னால், யசோதரா பதினோராம் வகுப்பில் எந்தப் பாடம் எடுப்பது என்று விழித்துக்கொண்டிருந்தபோது, முகமறியாத் தேர்வுச் சட்டம் வந்தது. இனி விண்ணப்பத்தில் பெயர் கூடாது, ஊர் கூடாது, அப்பன் பெயர் கூடாது, படம் கூடாது, படித்த பள்ளியின் பெயரும் கூடாது. ஆளுக்கொரு பதினைந்து இலக்கப் பொதுவெண். அதன் கீழே விடைகள். அவ்வளவுதான். 'எண்ணுக்குச் சாதி இல்லை' என்று பஸ் முதுகெல்லாம் எழுதினார்கள். பஸ் முதுகில் எழுதியதை நம்பித்தான் அவள் கணக்கு எடுத்தாள். நம்பிக்கையோடு படித்து, அரசுத் தேர்வெழுதி, வேலூரில் அந்தப் பொதுவெண்ணை வழங்கும் அலுவலகத்திலேயே, குறைதீர் கவுண்டரில் எழுத்தர் ஆனாள்.

அந்தக் கவுண்டரில் ஒரு பழக்கம் உண்டு. பொதுவெண்ணை மூன்று மூன்று இலக்கமாக ஐந்து கட்டமாகத்தான் அச்சடிப்பார்கள். மனுவில் எண்ணை எழுதியதும் எழுத்தர் அந்த ஐந்து கட்டங்களையும் கூட்டி, ஆயிரத்துக்கு மேல் போனால் ஆயிரத்தின் இலக்கத்தைக் கழற்றி மீதியோடு கூட்டி மடக்கி, வரும் மூன்று இலக்கத்தைத் தாளின் மூலையில் பென்சிலால் குறிக்க வேண்டும். திரையிலும் அதே மூன்று இலக்கம் வந்தால் எழுதியது சரி. இதற்கு மூலைக் கூட்டு என்று பேர். நாளைக்கு நூறு மூலைக் கூட்டு போட்டுப் போட்டு, யசோதராவுக்குப் பதினைந்து இலக்கத்தைக் கண்ணால் பார்த்தாலே வாய் தானாகக் கூட்டும்.

அன்றைக்கு இரண்டு விடைத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். இரண்டுக்கும் நடுவே வேறுபாடு என்று பார்த்தால் மேலே இருக்கிற எண் மட்டும்தான். ஹரிநாத்துடையது 602 918 347 711 286. கூட்டினால் 2864, மடக்கினால் 866. நேசனுடையது 418 207 936 155 504. கூட்டினால் 2220. மடக்கினால் 222.

"உன்னுது அழகா வருதுடா, ரெண்டு ரெண்டு ரெண்டு" என்றாள். சொல்லிவிட்டு, சும்மா, அம்மாவின் எண்ணைக் கூட்டினாள். 255 871 640 325 351. மொத்தம் 2442. மடக்கினால் 444.

அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு வாய்ப்பாடு பிடிக்கும். முப்பத்தேழை மூன்றால் பெருக்கினால் 111. ஆறால் பெருக்கினால் 222. பன்னிரண்டால் பெருக்கினால் 444. தன்னுடையதைக் கூட்டினாள், 703 வந்தது. முப்பத்தேழு பத்தொன்பது எழுநூற்று மூன்று. ரேஷன் அட்டையில் இருந்த அப்பாவின் எண்ணைக் கூட்டினாள், 185. முப்பத்தேழு ஐந்து. பென்சிலைக் கீழே வைத்தாள்.

நேசன் எட்டிப் பார்த்தான். பொறியியல் படித்தவனுக்கு முழுதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆயிரத்தில் ஒன்று குறைந்தால் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது, அது முப்பத்தேழால் மீதமில்லாமல் வகுபடும், ஆகவே மூன்று மூன்றாகக் கூட்டி வந்தது வகுபட்டால் முழு எண்ணும் வகுபடும் என்பதை அவனே சொல்லி முடித்தான்.

"தற்செயலா இருக்கலாம்க்கா."

"தற்செயலா நாலு எண்ணு இப்படி விழணும்னா பதினெட்டு லட்சத்து எழுபத்து நாலாயிரத்துல ஒரு தடவதான் விழும். நம்ம வீட்டுக்கு லாட்டரி அடிச்சிருக்குடா. போய் அம்மா கிட்ட சொல்லு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் தெருவுக்குள் இறங்கினாள். ஏதோ சரிபார்ப்பு என்று சொல்லி வீடு வீடாக எண் கேட்டாள். சனம் கேள்வி கேட்காமல் கொடுத்தது. அலுவலகத்தில் வேலை செய்கிற பெண் அல்லவா. அறுபத்திரண்டு பேர். அறுபத்திரண்டும் முப்பத்தேழால் வகுபட்டது. மறுநாள் ஹரிநாத்தை விட்டு அவன் தெருவில் நாற்பது எண் வாங்கி வரச் சொன்னாள். ஒன்றுகூட வகுபடவில்லை. சும்மா குருட்டாம்போக்கில் விழுந்திருந்தால்கூட அந்த நாற்பதில் ஒன்று வகுபட்டிருக்க வேண்டும். ஆக, ஒரு பக்கம் தேடித் தேடிப் போட்டிருக்கிறார்கள். மறுபக்கம் பார்த்துப் பார்த்துத் தவிர்த்திருக்கிறார்கள்.

பஸ் முதுகில் எழுதிய கை எதுவோ, அதே கைதான் இதையும் எழுதியிருக்கிறது என்று நினைத்தபோது அவளுக்கு உச்சந்தலை வரை எரிந்தது. நேராகச் சாதிப் பெயரைச் சொல்லி வெளியே தள்ளியிருந்தால் அவனை முகத்துக்கு நேரே திட்டலாம். இது நம் கையிலேயே நம் கழுத்துக் கயிற்றைக் கொடுத்து, மனப்பாடம் செய்யச் சொல்லி, போகிற இடமெல்லாம் நம்மையே ஒப்பிக்கச் சொன்னது.

எண் உண்டாக்கும் பிரிவு அலுவலகத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது. அதற்குத் தலைவர் பரஞ்சோதி, சாத்தான்குளத்துக்காரர், ஐம்பதை நெருங்குகிறவர். அவர் மதியச் சாப்பாட்டை மேசையிலேயே சாப்பிடுவார் என்று அவளுக்குத் தெரியும். டிபன் பாக்ஸைத் திறந்த நேரத்தில் போய் அறுபத்திரண்டு மூலைக் கூட்டையும் முன்னால் வைத்தாள். அவர் தாளைப் பார்த்தார். தயிர்சாதத்தை மூடினார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"நான் போட்டதுதான்" என்றார்.

அவள் ஏதோ மறுப்பார், சமாளிப்பார் என்று எதிர்பார்த்து வந்திருந்தாள். இப்படிப் பட்டென்று ஒத்துக்கொள்கிறவரை எப்படித் திட்டுவது என்று ஒரு கணம் தெரியவில்லை.

"நீங்க எந்த ஆளுங்க சார்?" என்றாள்.

"உங்க ஆளுதாம்மா. நம்ம ஆளு. என் எண்ணையும் கூட்டிப் பாரு."

அவர் சொன்னதை அவள் நின்றுகொண்டேதான் கேட்டாள். சட்டம் வந்தபோது சாதிச் சான்றிதழ் எல்லாவற்றையும் அழித்துவிட முடிவாகியிருந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். இவருக்கு மட்டும் ஒரு பயம். ஆளையே அடையாளம் தெரியாமல் செய்துவிட்டால், நாளைக்கு ஒரு கம்பெனியில் நம் ஆட்கள் ஒருவரும் இல்லை என்பதை எதை வைத்து எண்ணிக் காட்டுவது? தெரியாதவனை ஒதுக்கினான் என்று எப்படி வழக்குப் போடுவது? அதனால், அழிப்பதற்கு முந்தின வாரம், எண் உண்டாக்கும் நிரலில் யாருக்கும் சொல்லாமல் ஒரு வரி சேர்த்தார். நம் ஆட்கள் என்றால் முப்பத்தேழின் மடங்கு. மற்றவர்கள் என்றால் மடங்கு இல்லாதது. வருடம் ஒரு தடவை ரகசியமாக எண்ணிப் பார்ப்பதற்கு.

"ஏன் சார் முப்பத்தேழு? பத்து இலக்கத்துல ஒரு பகா எண்ணைப் போட்டிருந்தா ஒருத்தனும் கண்டுபிடிச்சிருக்க மாட்டானே?"

பரஞ்சோதி அந்தத் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "கம்ப்யூட்டர் இல்லாம, ஒரு தாள் பென்சிலை வச்சுச் சரிபாக்க முடியணும்னு நெனைச்சேன். கோர்ட்டுல நீதிபதிக்கு முன்னால வச்சே கூட்டிக் காட்டணும்லா. எல்லாவனுக்கும் புரியணும்."

"நல்லாப் புரிஞ்சிருச்சு சார் எல்லாவனுக்கும்."

அவர் தலையை நிமிர்த்தவில்லை. மூன்றாம் வருடமே எண்ணிப் பார்த்திருக்கிறார். சட்டம் நன்றாகவே வேலை செய்திருந்தது; கம்பெனிகளில் நம் ஆட்கள் நுழைந்திருந்தார்கள். சந்தோஷத்தில் அறிக்கை எழுதி மேலே கொண்டுபோனார். மேலே இருந்தவர்கள் கேட்ட முதல் கேள்வி, ஆளே தெரியாதபோது உனக்கு எப்படித் தெரிந்தது என்பது. மூடிய அறை, ஆறு பேர். விளக்கிச் சொன்னார். விளக்கியே ஆக வேண்டும், இல்லாவிட்டால் அறிக்கை செல்லாது. அறிக்கை அலமாரிக்குப் போனது. முப்பத்தேழு வெளியே போனது. அடுத்த வருடத்திலிருந்து எண்ணிக்கை சரிய ஆரம்பித்து, போன வருடம் பூஜ்யத்தில் வந்து நின்றது.

பத்திரிகைக்குப் போகப் போவதாக யசோதரா சொன்னாள்.

"போம்மா. நான் ஆறு பேருட்ட சொன்னேன், நீ ஆறு கோடிப் பேருட்ட சொல்லு. வீடு வாடகைக்கு விடுதவன், பொண்ணு பாக்க வாரவன், லாட்ஜுல ரூம் போடுதவன், எல்லாவனும் போனை எடுத்துக் கூட்டிப் பாப்பான். இப்ப வேலை மட்டும்தான் போகுது."

அவளுக்கு அவரைக் கழுத்தைப் பிடித்து உலுக்க வேண்டும் போலிருந்தது. அதைவிட மோசம், அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. உண்மையை நிரூபிக்கச் சாவியைக் காட்டியாக வேண்டும். சாவியைக் காட்டினால் ஊரே திறந்து பார்க்கும். கோபத்துக்குக்கூட வழிவிடாத கணக்கு.

கிளம்பும்போது அவர் கூப்பிட்டார். தம்பிக்கு ஒரு எண் மாற்றித் தருகிறேன் என்றார். வகுபடாத எண். நாளைக்கு இதே நேரம் வந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், பிழை திருத்தம் என்று பதிவாகும், யாரும் கேட்கமாட்டார்கள்.

வீட்டில் இதைச் சொன்னபோது நேசன் சாப்பிட்ட கையோடு எழுந்து நின்றான். பயிற்சிப் பொறியாளர் வேலைக்கு வயது வரம்பு இருபத்தைந்து. அவனுக்கு ஆடி வந்தால் இருபத்தைந்து முடிகிறது. அதற்குப் பிறகு படிப்பு அப்படியே இருக்கும், வாசல்தான் இருக்காது. இப்போது நடந்துகொண்டிருப்பது மாசி.

யசோதரா, தெருவில் மற்ற அறுபது பேர் என்ன செய்வது என்று ஆரம்பித்தாள்.

"உனக்கென்னக்கா, அரசாங்க வேல கிடைச்சிடுச்சு. கவுண்டர்ல உக்காந்துகினு நியாயம் பேசலாம். நான் நாளைக்கு எங்க போய் நிக்கறது? தெருவுக்கு நான் வேலயில்லாம இருந்தா நல்லதா?"

அம்மா ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள். "வாங்கிக் குடுத்துடுடி யசோ. ஊரத் திருத்தறத அப்புறம் பாத்துக்கலாம். ஊரு எங்கயும் ஓடாது."

அம்மாவின் விரல் நுனிகள் ஊசி குத்திக் குத்திக் காய்த்துப் போனவை. அந்த விரல்களைப் பார்த்தபிறகு யசோதராவுக்கு வாதம் செய்ய நாக்கு எழவில்லை. மறுநாள் தம்பியின் எண்ணை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொண்டு மூன்றாவது மாடிக்குப் போனாள். ஆம், போனாள். கொள்கையும் கோபமும் வீட்டில் ஒரு ஆள் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்திருக்கும்போது எத்தனை நாளைக்குத் தாக்குப்பிடிக்கும் என்று அனுபவிக்காதவர்கள் பேசக்கூடாது.

பரஞ்சோதி திரையைத் திறந்து எண்ணை உள்ளிட்டார். மாற்றத்துக்குக் காரணம் என்ன என்று திரை கேட்டது. அவர் பழக்கமாகத் தட்டினார்: 'தவறான எண்'.

யசோதரா அந்த இரண்டு சொல்லையும் படித்தாள்.

"அதை அழிங்க சார்."

"இது சும்மா ஒரு காரணம்மா. ஏதாவது போடணும்லா."

"தப்பான எண்ணு இல்ல சார் அது. என் தம்பி எண்ணு சரியான எண்ணு. எங்கம்மாது சரியான எண்ணு. செத்துப்போன எங்கப்பாது சரியான எண்ணு. அதைத் தப்புன்னு எழுதித்தான் அவனுக்கு வேல கிடைக்கணும்னா, அந்த நாப்பத்தோரு கம்பெனிக்காரனும் நாமளும் ஒண்ணுதானே சார்? அவனும் இதைத்தானே சொல்றான்?"

அவர் விரல் விசைமேல் நின்றது. பிறகு, சித்திரையில் மறுவழங்கல் வருகிறதே என்று மெதுவாகச் சொன்னார். பத்து வருடம் முடிந்ததால் நாடு முழுக்க எல்லாருக்கும் புது எண் வரப்போகிறது. பழைய சான்றிதழ்களை அழித்தாகிவிட்டது, ஆனால் பழைய எண்ணே சான்றிதழாக இருக்கிறது. வகுபடுகிறவருக்கு வகுபடுகிற எண், மற்றவருக்கு மற்றது என்று நிரல் தானாகவே அடையாளத்தைக் கடத்திவிடும். அந்த வரியை எடுத்துவிடுகிறேன். எல்லாருக்கும் குருட்டாம்போக்கில் எண் விழட்டும். முப்பத்தேழு செத்துப்போகும். உன் தம்பிக்கும் நல்லது, தெருவுக்கும் நல்லது.

"அவனுங்களுக்கும் நல்லது" என்றாள் யசோதரா. "ஏழு வருசமா செஞ்சதுக்குச் சாட்சியே இல்லாமப் போயிடும். கையைக் கழுவிட்டு, அடுத்து வேற ஒண்ணு கண்டுபிடிப்பானுங்க."

"அப்ப என்னதாம்மா செய்யச் சொல்லுத?"

அவள் அதைப் பஸ்ஸிலோ வீட்டிலோ யோசித்து வைத்திருக்கவில்லை. கோபம்தான் அந்த நேரத்தில் அவளுக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்தது.

"எடுக்காதீங்க. எல்லாருக்கும் போடுங்க."

அவர் புரியாமல் பார்த்தார்.

"உங்க வரியில 'நம்ம ஆளாக இருந்தால்'னு ஒரு இடம் இருக்குல்ல, அதை மட்டும் அழிச்சிடுங்க. மந்திரிக்கும் முப்பத்தேழு, மந்திரி பேரனுக்கும் முப்பத்தேழு. முப்பத்தேழுன்னு சல்லடை வச்சிருக்கிறவன் மட்டும் மாட்டுவான். சல்லடை வைக்காதவனுக்கு ஒண்ணும் ஆகாது. எண்ணு பத்தாதுன்னு சொல்லாதீங்க. பதினஞ்சு இலக்கத்துல முப்பத்தேழோட மடங்கு இருபத்தேழு லட்சம் கோடி இருக்கு, ராத்திரியே போட்டுப் பாத்துட்டேன்."

கண்டுபிடித்துவிடுவார்கள் என்றார் பரஞ்சோதி. சோதனைக் குழு இருக்கிறது, வேலை போகும், ஜெயிலுக்குக்கூடப் போக நேரும்.

"யார் சார் கண்டுபிடிப்பாங்க? எண்ணுல சாதி இல்லைன்னுதானே சட்டம். இருக்குன்னு தெரிஞ்சவன்தான் இது தப்புன்னு சொல்ல முடியும். சொல்லட்டுமே."

பரஞ்சோதி திரைப் பக்கம் திரும்பினார். திரையில் 'தவறான எண்' என்பதை ஒவ்வொரு எழுத்தாக அழித்தார். டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தார். அவள் துண்டுத்தாளை எடுத்துக்கொண்டு படி இறங்கினாள்.

நேசன் அவளோடு பேசுவதை அன்றோடு நிறுத்தினான். அக்கா அவள் கௌரவத்துக்காக என் தலையில் மண்ணைப் போட்டுவிட்டாள் என்று அம்மாவிடம் சொன்னான். ஓசூரில் ஒரு கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலைக்குப் போய்விட்டான். அம்மாவுக்குப் போன் செய்வான். யசோதரா எடுத்தால் வைத்துவிடுவான். பரஞ்சோதியும் அவளைக் கண்டால் லிஃப்டில் ஏறாமல் படியில் போவார். செய்வாரா மாட்டாரா என்று கேட்க அவளுக்கு வாய் வரவில்லை. தம்பி சொல்வது சரிதானோ என்று தினமும் ஒரு தடவையாவது தோன்றும். தோன்றும்போதெல்லாம் மூலைக் கூட்டைத் தாள் கிழிகிற மாதிரி அழுத்திப் போடுவாள்.

சித்திரை பத்தாம் தேதி புது எண்கள் வந்தன. கவுண்டரில் முதலாவதாக வந்தவர் ஒரு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. அட்டையில் பிறந்த தேதி பிழை. மூலைக் கூட்டு 518. முப்பத்தேழு பதினான்கு. அடுத்து ஒரு நகைக்கடைக்காரர்: 962. முப்பத்தேழு இருபத்தாறு. அடுத்து ஒரு கல்லூரிப் பெண்: 74. மதியத்துக்குள் நாற்பத்து மூன்று பேர், நாற்பத்து மூன்றும் வகுபட்டது. மூன்றாவது மாடிக்கு ஏறிப் போனாள். பரஞ்சோதி நீண்ட விடுப்பில் ஊருக்குப் போயிருந்தார். மேசை துடைத்து வைத்திருந்தது.

அதற்கப்புறம் நடந்ததை யாரும் செய்தியாகப் போடவில்லை. வைகாசியில் கம்பெனிகள் ஆள் எடுக்க ஆரம்பித்தபோது, ராணிப்பேட்டையில் ஒன்றுக்கு எட்டாயிரம் விண்ணப்பம் வந்து, இயந்திரம் எட்டாயிரத்தையும் தள்ளிவிட்டதாம். ஒரகடத்தில் ஒன்றில் மூன்று தடவை விளம்பரம் கொடுத்தும் ஒரு ஆள்கூடத் தேறவில்லையாம். எண்களில் ஏதோ கோளாறு என்று கிசுகிசுத்தார்கள். என்ன கோளாறு என்று மட்டும் ஒருவரும் உரக்கச் சொல்லவில்லை.

ஆனி மாதம் நேசன் போன் செய்தான். அம்மா வேலைக்குப் போயிருந்தாள், யசோதரா எடுத்தாள். இந்தத் தடவை அவன் வைக்கவில்லை. ஒரகடத்துக் கம்பெனியில் நேர்காணலுக்குப் போய்விட்டு வருவதாகச் சொன்னான். உள்ளே மூன்று பேர் உட்கார்ந்து நேருக்கு நேர் கேள்வி கேட்டார்கள். இரண்டு கேள்விக்குத் தப்பாகச் சொல்லிவிட்டான். அதைச் சொல்லும்போது அவன் குரலில் அப்படி ஒரு குதூகலம்.

"தப்புன்னு சொன்னாங்கக்கா. எங்க தப்புன்னு போர்டுல போட்டே காட்டினாங்க. அந்த வேல கிடைக்காது. ஆனா வேற ரெண்டு எடத்துலேர்ந்து கூப்ட்டிருக்காங்க."

யசோதரா போனை வைத்துவிட்டுக் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதாள்.

அடுத்த வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டோக்கன் பத்தொன்பது. ஐம்பத்தைந்து வயது மதிக்கத்தக்கவர், மடிப்புக் கலையாத சட்டை. மகளுக்கு வந்திருக்கும் எண்ணை மாற்றித் தர வேண்டும் என்றார். மகள் தங்கப்பதக்கம் வாங்கியவள், நான்கு இடத்தில் விண்ணப்பித்து நான்கிலும் முதல் படியிலேயே நின்றுவிட்டாள், மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. யசோதரா மனுவை நீட்டினாள். பெயர் கிடையாது, எண், தொழில், குறையின் தன்மை, கையொப்பம்.

தொழில் என்ற இடத்தில், மருத்துவக் கருவி நிறுவனம், பணியாளர் தேர்வுப் பிரிவு மேலாளர் என்று எழுதினார். குறையின் தன்மை என்ற இடத்தில் பேனா நின்றது.

"எண் சரியில்லைன்னு போட்டாப் போதுமா மேடம்?"

"என்ன சரியில்லன்னு எழுதணும் சார். இலக்கம் குறையுதா, ரெண்டு பேருக்கு ஒரே எண்ணா?"

"அதெல்லாம் இல்ல. அது ஒரு மாதிரி எண்."

"எந்த மாதிரின்னு எழுதுங்க. இல்லேன்னா மனு நிக்காது, திருப்பி அனுப்பிடுவாங்க."

அவர் ஓரமாகப் போய் பெஞ்சில் உட்கார்ந்தார். டோக்கன் இருபது போனது, இருபத்தைந்து போனது, முப்பது போனது. அவர் இரண்டு தடவை எழுதி அடித்தார். வெளியே போய் யாரிடமோ போன் பேசிவிட்டு வந்தார். எழுதாமல் எழுந்து போய்விடுவார் என்றுதான் யசோதரா நினைத்தாள். போயிருந்தால் அவரை முழுசாக வெறுத்திருக்கலாம். பன்னிரண்டரைக்கு அவர் மறுபடி வந்து மனுவைக் கொடுத்தார். சிறிய, நேர்த்தியான கையெழுத்து. 'என் மகளின் எண் 37 ஆல் வகுபடுகிறது. இத்தகைய எண் உடையவர்களை எங்கள் நிறுவனமும் பிற நிறுவனங்களும் விடைத்தாளைத் திறக்காமலேயே விலக்கி வருகின்றன. எனவே வகுபடாத எண் வழங்குமாறு வேண்டுகிறேன்.' கீழே கையொப்பம்.

அவள் இரண்டு தடவை படித்தாள். தேதியும் முத்திரையும் குத்தினாள். பதிவு எண் போட்டாள்.

"எங்க கம்பெனியில போன வாரம் அதை நிறுத்திட்டோம்" என்றார் அவர், தாழ்ந்த குரலில். "மத்தவங்க இன்னும் நிறுத்தலை. இவ பாவம், என்ன பண்ணுவா. ஒரு தப்பும் பண்ணாத பொண்ணு."

"பதினஞ்சு நாள்ல பதில் வரும் சார். மேல அனுப்பறேன், தொழிலாளர் நீதிமன்றத்துக்கும் ஒரு நகல் போகும். விலக்கினதா எழுதியிருக்கீங்கல்ல, அந்த மாதிரி மனு எல்லாம் அங்கதான் போகணும்னு விதி."

அவர் அதைச் சரியாகக் காதில் வாங்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து அவளைப் பரிவோடு பார்த்தார்.

"உங்களுக்கும் இப்படித்தான் எண் வந்திருக்கா மேடம்?"

"ஆமா சார்."

"கஷ்டந்தான். எல்லாரையும் ஒரேயடியா இப்படிப் பண்ணிட்டாங்க."

"எனக்குப் பழைய எண்ணும் இப்படித்தான் சார்" என்றாள் யசோதரா. "பத்து வருசமா."

அவர் அவளைப் பார்த்தார். எட்டாயிரம் விண்ணப்பங்களில் ஒன்றில்கூட அவர் பார்த்திராத ஒரு முகத்தை, கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கண்ணாடியின் அடியில் இருந்த இடைவெளியில் கையை நுழைத்து, மனு வைத்திருந்த பக்கமாக விரல்களை நீட்டினார்.

"முத்திரை விழுந்துடுச்சு சார்" என்றாள். "கையை எடுங்க. அடுத்தவங்க நிக்கறாங்க."